கண்டதும் கொண்டதும்

ஆபத்தான வேலைகள் நடக்கும் இடங்களில் சொற்பகுப்பி கட்டாயம் என்று சட்டம் வந்த ஆண்டில், மன்னார் வளைகுடாக் காற்றாலை நிலையத்துக்குத் தலைவராக இருந்தவர் பவுலின் கொரைரா. தூத்துக்குடிக்காரர். வயது நாற்பத்தொன்பது. கரையிலிருந்து முப்பத்திரண்டு கிலோமீட்டர் தள்ளிக் கடலுக்குள் தொண்ணூற்று நான்கு கோபுரங்கள். நடுவில் இரும்புக் கால்களில் நிற்கும் ஒரு மேடை. அதில் அறுபது பேர், பதினைந்து நாள் கடலிலும் பதினைந்து நாள் கரையிலுமாக முறை வைத்து வேலை பார்த்தார்கள்.

கருவியைப் பொருத்த வந்தவர் மெஹருன்னிசா. அதை உருவாக்கிய குழுவில் ஒருவர். படகில் வரும்போதே இரண்டு முறை வாந்தி எடுத்திருந்ததால் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டேதான் விளக்கினார். கூட்ட அறையிலும் கட்டுப்பாட்டு அறையிலும் வானொலியிலும் பேசப்படுவதையெல்லாம் அது கேட்கும். தலைவரின் காதில் சுண்டைக்காய் அளவு ஒரு துண்டு இருக்கும். ஒவ்வொரு வாக்கியம் முடிந்ததும் இரண்டு சொற்களில் ஒன்றை அது சொல்லும். கண்டது. அல்லது, கொண்டது.

துண்டைக் காதில் மாட்டிக்கொண்டு, இது பொய்யைக் கண்டுபிடிக்கிற இயந்திரமா என்று பவுலின் கேட்டார்.

"இல்ல மேடம். பொய்யும் உண்மையும் இதுக்குத் தெரியாது. பேசுற வாக்கியத்துல கண்ணு, காது, கருவி தொட்டது எது, பேசுறவங்க தானாச் சேத்துக்கிட்டது எது, அத மட்டும் பிரிக்கும். ஒருத்தன் லேட்டா வந்தான், இது கண்டது. அவனுக்குப் பொறுப்பில்ல, இது கொண்டது."

"பொறுப்பில்லாதவன்தான லேட்டா வருவான்?"

மெஹருன்னிசா சிரித்தார். இந்நேரம் காதில் சொல்லியிருக்குமே என்றார். சொல்லியிருந்தது.

ஊழியர்கள் அதற்குச் சல்லடை என்று பெயர் வைத்தார்கள். முதல் வாரம் பவுலினுக்குத் தலைவலியாக இருந்தது. ஒரே நாளில் அவர் பேச்சில் மட்டும் இருநூற்றுப் பன்னிரண்டு கொண்டவை. எதையும் நேராகப் பார்க்கிறவள் என்று தன்னைப் பற்றி அவர் வைத்திருந்த எண்ணமும் அந்தக் கணக்கில்தான் சேரும் என்பது அப்போது புரிந்தது. துணைத் தலைவர் ஞானதுரைக்குக் கருவி மிகவும் பிடித்துவிட்டது. அவர் ஏற்கெனவே எண்களில் பேசுகிற மனிதர்.

சல்லடையின் அருமை தெரிந்தது ஆகஸ்டில்.

நிலையத்தின் சிறு படகுகளில் ஒன்றை ஓட்டியவர் இசக்கிமுத்து. திருச்செந்தூர்ப் பக்கத்து ஆள். தங்கை மகளுக்குக் காதுகுத்து வைத்திருந்தார்கள். தாய்மாமன் மடியில் உட்கார்த்தித்தான் குத்த வேண்டும். மாற்று ஓட்டுநர் காய்ச்சலில் கிடந்ததால் பவுலின் விடுப்புத் தரவில்லை. சாப்பாட்டுக் கூடத்தில் எட்டுப் பேர் கேட்க இசக்கிமுத்து சொன்னார், போட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டால் என்ன செய்வார்கள் என்று. காதுகுத்து நாளன்று காலை பார்த்தால் படகு கட்டுத்துறையில் இல்லை. ஆளும் இல்லை. வானொலியில் கூப்பிட்டால் பதில் இல்லை.

யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கரையில் பிடித்துவிடலாம் என்றார் ஞானதுரை. பவுலின் கடலோரக் காவல்படையை அழைத்தார். எங்கள் படகோட்டி அனுமதி இல்லாமல் படகை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார் என்று தொடங்கினார். வாக்கியம் முடிந்ததும் காதில், கொண்டது.

அவர் நிறுத்தினார். மறுமுனையில் அதிகாரி காத்திருந்தார். எனக்கு என்ன தெரியும் என்று பவுலின் வாய்விட்டே தன்னைக் கேட்டுக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். படகு துறையில் இல்லை. ஆள் அறையில் இல்லை. கடைசியாக எட்டு நாற்பதுக்கு ஒருவர் பார்த்திருக்கிறார். எந்தத் திசையில் போனார் என்று அதிகாரி கேட்டதற்குத் தெரியாது என்றார்.

தெரியாது என்ற சொல்லுக்குப் பிறகு அதிகாரியின் குரல் மாறியது. காணாமல்போன ஆளைத் தேடுகிற முறையே வேறு. நீரோட்டத்தைக் கணக்குப் போட்டுத் தெற்கே விமானம் அனுப்பினார்கள். மூன்றரை மணி நேரம் கழித்துப் பதினான்கு கிலோமீட்டர் தள்ளிப் படகு கிடைத்தது. ஆறாம் கோபுரத்தின் காலில் சிக்கியிருந்த மீன்வலையை அறுக்கப் போன இடத்தில் கத்தி நழுவி இசக்கிமுத்துவின் மணிக்கட்டில் இறங்கியிருந்தது. வலை சுற்றி இயந்திரம் நின்றுவிட்டது. வானொலி தண்ணீரில். படகுத்தரையில் மயங்கிக் கிடந்தார். இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் பிழைத்திருக்க மாட்டார் என்றார் மருத்துவர். திருட்டு என்று சொல்லியிருந்தால் திருச்செந்தூர்க் கரையில் ஆள் போட்டுக் காத்திருப்போம் என்றார் காவல்படை அதிகாரி.

கையில் கட்டோடு திரும்பிவந்த இசக்கிமுத்து பவுலினைப் பார்க்க வந்தார்.

"எல்லாரும் ஓடிட்டான்னு சொன்னாகளாம். நீங்க மட்டும் அப்படிச் சொல்லலியாம் மேடம்."

தானும் அப்படித்தான் நினைத்தேன் என்று பவுலின் சொல்லவில்லை. கையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பினார்.

செய்தி பரவியது. மற்ற நிலையங்களின் தலைவர்கள் பாடம் கேட்க வந்தார்கள். அவர்களுக்காக அவர் ஒரு வாக்கியம் செய்து வைத்தார். கண்டதைச் சொல், கொண்டதை விடு. கேட்டவர்கள் எழுதிக்கொண்டு போனார்கள். நிறுவனம் அதை எல்லா நிலையங்களின் கூட்ட அறையிலும் சுவரில் எழுதி வைத்தது.

மேடையில் பேச்சே மாறிப்போனது. அவனுக்குத் திமிர், இவள் வேண்டுமென்றே செய்தாள் என்கிற பேச்சுகள் குறைந்தன. சண்டைகள் குறைந்தன. ஏழு மணிக் காலைக்கூட்டம் முக்கால் மணி நேரத்திலிருந்து இருபது நிமிடத்துக்கு வந்தது. தோணுது என்று யாராவது தொடங்கினால் பக்கத்தில் இருப்பவர் லேசாக இருமுவார். சொன்னவர் நிறுத்திக்கொள்வார். கரைக்குப் போகும் நாட்களிலும் பவுலின் அதே பழக்கத்தில் இருந்தார். தம்பி மனைவிக்கு நம்மேல் கோபம் போலிருக்கிறது என்று அக்கா செலின் சொன்னால், எதைப் பார்த்துச் சொல்கிறாய் என்று கேட்கத் தொடங்கினார். பிற்பாடு அதையும் கேட்பதில்லை, பேச்சை மாற்றிவிடுவார். செலின் தொலைபேசியில் அழைப்பது குறைந்தது.

முத்துப்பேச்சி என்கிற தொழில்நுட்பப் பணியாளர் கோபுரங்களின் அடித்தளப் பராமரிப்பில் இருந்தாள். கோவில்பட்டிக்காரி. முப்பத்துநான்கு வயது. அண்ணன் இருசக்கர வாகனப் பட்டறை வைத்திருந்தான். அவள் கற்ற முதல் தொழிலும் அதுதான். ஐ.டி.ஐ. முடித்துக் கடலுக்கு வந்தவள். அதிகம் பேச மாட்டாள். முன்பெல்லாம் அந்த மோட்டார் ரொம்ப நாள் தாங்காது, இந்தக் கதவு சிக்கும் என்று கூட்டத்தில் எதையாவது சொல்லுவாள். பாதி பலிக்கும், பாதி பலிக்காது. சல்லடை வந்து ஓராண்டு ஆவதற்குள் அவள் சொல்வதை விட்டுவிட்டாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அவள் நிறுத்தியதை யாரும் கவனிக்கவும் இல்லை.

அடுத்த ஆண்டு டிசம்பர் ஒன்பதாம் தேதி காலைக்கூட்டத்தில், ஏழு மாதங்களுக்குப் பிறகு அவள் வாய் திறந்தாள்.

"நாப்பத்தொண்ணு இன்னைக்கு வேண்டாம் மேடம். அது சரியில்லன்னு தோணுது."

நாற்பத்தொன்றாம் கோபுரத்தில் அன்று இறக்கை பழுதுபார்ப்பு. மேலே போக வேண்டியவன் சகாய ரீகன். மழை விட்டு நான்கு நாள்தான் ஆகியிருந்தது. அடுத்த புயல் சின்னத்துக்கு முன் இறக்கையைச் சரிசெய்யாவிட்டால் கோபுரத்துக்கே சேதம் வரலாம்.

பவுலினின் காதில், கொண்டது.

ஞானதுரை கோபுரத்தின் அளவுகளைப் படித்தார். காற்று, சாய்வு, ஆட்டம், அடித்தள அழுத்தம், லிஃப்ட் மோட்டாரின் மின்னோட்டம் என்று பன்னிரண்டு அளவுகள். எல்லாம் வரம்புக்குள். பன்னிரண்டு முறையும் பவுலினின் காதில், கண்டது.

"எந்த அளவு கூடியிருக்கு பேச்சி?"

"எதுவும் கூடல மேடம்."

"நீ எதையாவது அளந்து பாத்தியா?"

"இல்ல."

"பெறகு எத வச்சு நான் நிறுத்துறது?"

பவுலினின் குரலில் கடுமை இல்லை. அங்கே இருந்தவர்கள் பின்னால் எல்லோரும் அதைச் சொன்னார்கள். முத்துப்பேச்சி தன் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். யாரோ இருமினார்கள். சகாய ரீகன் பாதுகாப்புக் கச்சையை மாட்டிக்கொண்டே, நான் போய்ப் பார்த்துவிட்டு வந்து சரியா இல்லையா என்று சொல்கிறேன் அக்கா என்றான். சிலர் சிரித்தார்கள். சரி, அடுத்து என்றார் பவுலின்.

பதினொன்று இருபதுக்குக் கோபுரத்தின் உள்ளே சகாய ரீகன் ஏறியிருந்த லிஃப்ட் விழுந்தது. எண்பது மீட்டர் உயரத்தில் அதைத் தாங்கியிருந்த இரும்பு உத்தரமே கழன்றுவிட்டது. கயிறு அறுந்தால் லிஃப்டைப் பிடித்துக்கொள்ள வேண்டிய பாதுகாப்புக் கம்பிகளும் அதே உத்தரத்தில்தான் கட்டப்பட்டிருந்தன. அந்த உத்தரத்துக்கு என்று தனியாக அளவுக்கருவி கிடையாது. சகாய ரீகனுக்கு முப்பத்தொரு வயது. அடித்தளத்தில் நின்ற முத்துப்பேச்சிதான் முதலில் அவனிடம் போனவள். அவள் செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

பவுலின் அறிக்கை எழுதினார். அவர் வாழ்க்கையில் எழுதிய அறிக்கைகளிலேயே சுத்தமானது அது. பத்தொன்பது வரி. ஒவ்வொரு வரியும் கண்டது. ஊகம் இல்லை, பழி இல்லை, வருத்தம்கூட இல்லை. முத்துப்பேச்சி கூட்டத்தில் சொன்னது அதில் இடம்பெறவில்லை.

சகாய ரீகனின் மனைவி ஜெனோவாவுக்கு ஒரு பிரதி கொடுத்தார்கள். அவள் அதை இரண்டு முறை படித்தாள். இதில் எல்லாமே சரியாகத்தான் இருந்திருக்கிறது, பிறகு எப்படி அவர் விழுந்தார் என்று நிறுவன அதிகாரியிடம் கேட்டாள்.

விசாரணைக் குழு அமைத்தார்கள். தலைவர் ஓய்வுபெற்ற ஒரு நீதிபதி. முத்துப்பேச்சி அதற்குள் வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போயிருந்தாள். குழு ஆள் அனுப்பியபோது, பார்த்ததைச் சொன்னாள். விழுந்த சத்தம், நேரம், தான் ஓடிய தூரம். தான் கூட்டத்தில் சொன்னதைச் சொல்லவில்லை. அதைக் குழுவிடம் சொன்னவர் இசக்கிமுத்து.

"ஏழு மணிக் கூட்டத்துல பேச்சி வேண்டாம்னு சொல்லிச்சு. நான் கதவுகிட்ட நின்னேன் ஐயா. என் காதால கேட்டேன்."

பவுலினைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். ஆமாம், சொன்னாள் என்றார். அறிக்கையில் ஏன் இல்லை என்று கேட்டார் நீதிபதி. அது கொண்டது என்று குறிக்கப்பட்டது என்றார் பவுலின்.

"அதனால?"

"விட்டுட்டேன்."

நீதிபதி எழுதிக்கொண்டார். பிறகு நிபுணர் சாட்சியாக வந்திருந்த மெஹருன்னிசாவின் பக்கம் திரும்பினார். கொண்டது என்றால் விட்டுவிடு என்று உங்கள் கருவி சொல்கிறதா என்று கேட்டார்.

"இல்ல ஐயா. பிரிக்கிறது மட்டும்தான் அதோட வேலை. நாங்க ரெண்டு கூடை வச்சோம். குப்பைத்தொட்டி வைக்கல."

பவுலின் மறுத்தார். கருவியை ஒன்றரை ஆண்டாகக் காதில் வைத்திருந்தவர் அவர். அது எப்படிப் பேசும் என்று தனக்குத் தெரியும் என்றார். அது கொண்டது என்று சொல்லும் தொனியிலேயே ஒரு நிராகரிப்பு இருக்கும் என்றார். நீதிபதி பதிவுகள் முழுவதையும் அவரிடம் கொடுக்கச் சொன்னார். பத்து நாள் அவகாசம். விடு, வேண்டாம், தள்ளு, இப்படி ஏதாவது ஒரு சொல்லைக் கருவி சொன்ன இடம் ஒன்றைக் காட்டினால் போதும்.

தூத்துக்குடியில் செலின் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து பவுலின் கேட்டார். முதல் இரண்டு நாளிலேயே தேடியது இல்லை என்று தெரிந்துவிட்டது. முப்பத்தோராயிரம் கொண்டவை. எல்லாம் ஒரே குரல், ஒரே அளவு, ஒரே தட்டையான ஒலி. கண்டது என்று சொல்லும்போதும் அதே தொனிதான். நிராகரிப்பு என்று அவர் கேட்டது அந்தக் குரலில் இல்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் மீதி எட்டு நாளும் அவர் தொடர்ந்து கேட்டார். கருவியை விட்டுவிட்டுத் தன் குரலைக் கேட்டார். ஒவ்வொரு கொண்டதற்கும் பிறகு தான் என்ன சொன்னேன் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டே வந்தார். முதல் மாதங்களில் பெரும்பாலும் ஒரு கேள்வி இருந்தது. எதப் பாத்து, எப்பலேருந்து, வேற யாரு பாத்தா. இசக்கிமுத்து காணாமல்போன நாளில் தன்னையே கேட்டுக்கொண்ட கேள்வியும் இருந்தது. சுவரில் அந்த வாக்கியம் ஏறிய மாதத்திலிருந்து கேள்விகள் குறைந்துகொண்டே வந்தன. கடைசி ஏழு மாதங்களில் அப்படி ஒன்றுகூட இல்லை; பேச்சியிடம் கேட்டதும் அளவைப் பற்றித்தான். கொண்டது என்று கருவி சொன்னதும் அவர் குரல், சரி அடுத்து. சரி அடுத்து. நூற்றுக்கணக்கான இடங்களில் அதே இரண்டு சொற்கள்.

செலின் காப்பி கொண்டுவந்து வைத்தாள். எத்தனை நாள் இதையே கேட்பாய் என்றாள். உன்னிடமும் நான் இப்படித்தான் பேசினேனா என்று பவுலின் கேட்டார். செலின் பழைய தம்ளரை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

பத்தாம் நாள் குழுவின் முன் பவுலின் நின்று பேசியது குறைவு.

"கருவி அப்படி எங்கயும் சொல்லல ஐயா. கொண்டதை விடுங்கிறது நான் சேத்தது. பேச்சி சொன்னதுக்குக் கீழ என்ன இருந்துச்சுன்னு நான் கேக்கல. கேக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல."

தீர்ப்பு பிப்ரவரியில் வந்தது. தலைவருக்குக் கிடைத்திருந்த தகவல்கள் எதிலும் ஆபத்தின் அறிகுறி இல்லை. ஆகவே அவர்மேல் குற்றம் இல்லை. நாற்பத்தொன்றாம் கோபுரத்து உத்தரத்தில் தயாரிப்புக் குறை இருந்திருக்கலாம். மற்ற தொண்ணூற்று மூன்று உத்தரங்களிலும் எடை ஏற்றிச் சோதித்தாகிவிட்டது, எல்லாம் தாங்கின. காலைக்கூட்டத்தில் சொல்லப்பட்டது உணர்வு சார்ந்த கருத்து என்பதால் அதன்மேல் முடிவு எடுக்கக் குழுவால் இயலவில்லை.

பவுலினைத் திரும்பத் தலைவர் பொறுப்புக்கு வரச் சொன்னார்கள். வேண்டாம் என்று கரையில் ஒரு சாதாரண மேசை வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஞானதுரை நிலையத் தலைவரானார். பவுலினின் காதில் இருந்த துண்டு அவர் காதுக்குப் போனது.

மார்ச் மாதம் ஒரு பிற்பகலில் பவுலின் பேருந்து பிடித்துக் கோவில்பட்டிக்குப் போனார். அண்ணனின் பட்டறையில் முத்துப்பேச்சி ஒரு பைக்கின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து செயினை மாட்டிக்கொண்டிருந்தாள். பார்த்ததும் எழுந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். கொஞ்ச நேரம் வெயிலைப் பற்றியும் ஜெனோவா தன் அம்மா வீட்டோடு போய்விட்டதைப் பற்றியும் பேசினார்கள்.

"அன்னைக்கு நான் ஒண்ணு கேக்காம விட்டுட்டேன் பேச்சி. இப்பக் கேக்கலாமா?"

"கேளுங்க மேடம்."

"என்னத்தப் பாத்து உனக்கு அப்படித் தோணிச்சு?"

முத்துப்பேச்சி தெரியாது என்றாள். சும்மா தோன்றியது, அவ்வளவுதான் என்றாள். மறுபடி செயினின் பக்கம் போனாள். பவுலின் எழுந்து போகவில்லை. அந்த வாரம் நாற்பத்தொன்றுக்கு எத்தனை முறை போனாய் என்று கேட்டார். மூன்று முறை. முதல் நாள் என்ன வேலை? அடித்தளக் கதவுக்கு எண்ணெய் போட்டேன். பிறகு? விளக்கு மாற்றினேன். பிறகு? தரையைத் துடைத்தேன். இரண்டாம் நாள்? அன்றைக்கும் தரையைத் துடைத்தேன்.

அவள் கை நின்றது.

"துணி செவப்பா வந்துச்சு."

"எந்தத் துணி?"

"தரை தொடைக்கிற துணி மேடம். ரெண்டு நாளும். பொடி மாரி, ரொம்ப மைய்யா. செம்மண்ணு கணக்கா. நான் அலசிப்போட்டுட்டு அடுத்த வேலையப் பாத்தேன்." பைக்கைப் பார்த்தபடியே சொன்னாள். "கடலுக்குள்ள எங்கருந்து செம்மண்ணு வரும்?"

பவுலினுக்கு அது என்னவென்று உடனே தெரிந்தது. தளர்ந்துபோன இரும்பும் இரும்பும் உரசிக்கொண்டே இருந்தால் அப்படித்தான் உதிரும். பெயிண்டின் அடியில், வெளியே எதுவும் தெரியாமல், எண்பது மீட்டர் உயரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தரையில் விழுந்திருக்கிறது. அளவுக்கருவிகள் அதைப் பார்க்கவில்லை. எடை ஏற்றிச் சோதித்தாலும் தெரியாது. விழுந்ததை எல்லாம் தினமும் சுத்தமாகத் துடைத்திருக்கிறார்கள்.

"நான்தான் தொடச்சேன்," என்றாள் முத்துப்பேச்சி. ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்தாள்.

இந்தக் கேள்வியை டிசம்பரில் கேட்டிருந்தால் ஒரு ஆள் உயிரோடு இருந்திருப்பான். மார்ச்சில் கேட்டதால் இவளுக்கு ஒரு பாரம் வந்து சேர்ந்தது. பேருந்தில் வரும்போது பவுலின் இதை யோசித்திருக்கவில்லை. ஆறுதலாக நாலைந்து வாக்கியங்கள் அவர் வாய்வரை வந்தன. ஒன்றும் சொல்லத் தகுந்ததாகப் படவில்லை.

"அன்னைக்கே நான் கேட்டிருந்தா சொல்லியிருப்பியா?" என்று மட்டும் கேட்டார்.

"தெரியல மேடம். அன்னைக்கு எனக்கே தெரியாதுல்லா. கேட்டிருந்தா யோசிச்சிருப்பேன்."

பட்டறை வாசலில் நின்றபடியே பவுலின் ஞானதுரையை அழைத்தார். எல்லாக் கோபுரங்களின் அடித்தளத்திலும் துடைத்த துணிகளைப் பார்க்கச் சொன்னார். நாளையிலிருந்து இரண்டு நாள் யாரும் தரையைத் துடைக்க வேண்டாம் என்றார். எந்த அளவை வைத்துச் சொல்கிறீர்கள் என்று ஞானதுரை கேட்டார். அளவு இல்லை, துணி என்றார் பவுலின். அவர் காதில் சல்லடை என்ன சொல்லியிருக்கும் என்று பவுலினுக்குத் தெரியும். யார் பார்த்தது, எத்தனை நாள், என்ன நிறம் என்று ஞானதுரை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். தீர்ப்புக்குப் பின் அவரும் அந்தப் பதிவுகளைக் கேட்டிருந்தார்.

ஒன்பது கோபுரங்களில் சிவப்புப் பொடி இருந்தது. உத்தரங்களின் பெயிண்டைச் சுரண்டிப் பார்த்தார்கள். போல்டுகள் தளர்ந்து, துளைகளைச் சுற்றி விரிசல் ஓடியிருந்தது. அவற்றில் ஒரு கோபுரம் நாற்பத்தொன்றைவிட மோசம். சுவரில் இருந்த வாக்கியத்தில் இரண்டாவது பாதியை ஞானதுரை வெள்ளையடித்து மறைக்கச் சொன்னார். முதல் பாதி தனியாக ஒரு பக்கம் ஒதுங்கி நின்றது.

சனிக்கிழமை காலை பவுலின் முத்துப்பேச்சிக்குத் தொலைபேசியில் செய்தி சொன்னார். பட்டறைச் சத்தத்தில் முதலில் அவளுக்குக் கேட்கவில்லை. கேட்டதும், ஒன்பதா என்றாள். மேலே ஆள் இருந்ததா என்று கேட்டாள். இரண்டு கோபுரங்களில் இருந்தார்கள், லிஃப்டைத் தொட விடாமல் ஏணி வழியாக இறக்கிவிட்டார்கள் என்றார் பவுலின். யார் யார் என்று அவள் கேட்டாள். பவுலின் பெயர்களைப் படித்தார். ஸ்டாலன். பிறகு, சுடலைமணி.

"சுடலைமணியா? எம்பது மீட்டரும் ஏணியிலயா எறங்குனான்? அவனுக்கு உயரம்னா பயம் மேடம். யாருகிட்டயும் சொல்லிக்கிட மாட்டான்."

"என்னத்தப் பாத்துச் சொல்லுத?"

இம்முறை அவள் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

"ஏணில கால வைக்கதுக்கு முன்னால ஷூ கயித்த அவுத்து அவுத்து ரெண்டு தடவ கட்டுவான்."